டிரெயின் நேரத்துக்கு வந்துச்சா? சின்னசேலத்தில் ஒரு எமர்ஜென்சி சண்டை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை வழக்கமான ரூம்ல இருந்து பேசல. சின்னசேலத்துல, எங்க பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்திருக்கேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, சேலம் ரோடு பக்கத்துலதான் இருக்கு. மேற்கே பார்த்தா கல்வராயன் மலை தெரியுது. இந்தக் கதையில அந்த மலைக்கு வேலை இருக்கு, அதனாலதான் சொல்றேன்.

எமர்ஜென்சி வந்து 2025 ஜூனோட 50 வருஷம் ஆச்சு. 2024-ல மத்திய அரசு ஜூன் 25-ஐ 'அரசியல் சாசனப் படுகொலை நாள்'னு அறிவிச்சுது. டிவில விவாதம் ஓடிச்சு. எங்க வீட்லயும் ஓடிச்சு. டிவில ஓடினதை விட எங்க வீட்ல ஓடினது நல்லா இருந்துச்சு, அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ரெண்டு பேர். ஒருத்தர் எங்க பெரியப்பா. 1970-களோட கடைசியில கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா வேலைக்குப் போனவர். இன்னொருத்தர் எங்க மாமா, அம்மாவோட அண்ணன். பள்ளிக்கூடக் காலத்துல இருந்தே திமுக. 76-ல போலீஸ் வரும்னு பயந்து ரெண்டு வாரம் ஆத்தூர்ல சொந்தக்காரங்க வீட்டு மாட்டுக் கொட்டகையில படுத்திருந்ததா சொல்வார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த ரெண்டு வாரம் கொஞ்சம் நீளும். இப்ப ஒன்றரை மாசத்துல வந்து நிக்குது.

பெரியப்பா ஆரம்பிச்சார்: "என்ன வேணா சொல்லு மச்சான். அப்ப டிரெயின் நேரத்துக்கு வந்துச்சு. ஆபீஸ்ல ஆள் சீட்ல இருந்தான்."

இந்த வசனத்தை நீங்களும் உங்க வீட்ல கேட்டிருப்பீங்க. இந்தியா முழுக்க எல்லா பெரியப்பாக்களும் சொல்ற ஒரே வசனம் இதுதான்னு நினைக்கிறேன். மாமா சொன்னார்: "சின்னசேலத்துல அப்ப மீட்டர் கேஜ் வண்டி. அது நேரத்துக்கு வந்தாலும் மாட்டு வண்டி கூடவேதான் போகும்."

சரி, ஒரு ரெண்டு நிமிஷத்துல பின்னணி. 1975 ஜூன் 12-ம் தேதி, அலகாபாத் உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா ஒரு தீர்ப்பு சொல்றார். ரேபரேலி தொகுதியில இந்திரா காந்தி ஜெயிச்சது செல்லாது. வழக்குப் போட்டவர் ராஜ் நாராயண். ஜூன் 24-ல உச்ச நீதிமன்றத்துல வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனையோட இடைக்காலத் தடை கொடுக்கிறார். பிரதமரா தொடரலாம், எம்.பி.யா ஓட்டுப் போடக் கூடாது. மறுநாள் ராத்திரி ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போடறார். மந்திரி சபைக்கே விடியக்காலம் கூப்பிட்டுத்தான் சொன்னாங்க. அதுக்குள்ள ஜெயப்பிரகாஷ் நாராயண், மொரார்ஜி தேசாய் எல்லாம் கைது, டெல்லியில பத்திரிகை ஆபீஸ்களுக்குக் கரண்ட் கட். 1977 மார்ச் 21 வரைக்கும் இது நீடிச்சுது. ஷா கமிஷன் கணக்குப்படி மிசாவிலயும் இந்தியப் பாதுகாப்பு விதிகள்லயுமா சேர்த்து 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேல கைது.

தமிழ்நாட்டுக் கதை கொஞ்சம் வேற. இங்க முதல் ஏழு மாசம் திமுக ஆட்சி. ஜூன் 27-லயே கட்சியோட செயற்குழு எமர்ஜென்சியை எதிர்த்துத் தீர்மானம் போட்டுச்சு. வடக்குல தேடப்பட்டவங்க சிலர் இங்க வந்து மூச்சு விட்டாங்க. பத்திரிகைத் தணிக்கை இங்கயும் உண்டு, ஆனா ராத்திரி கதவைத் தட்டற போலீஸ் இல்ல. 1976 ஜனவரி 31-ம் தேதி சாயங்காலம் அது முடிஞ்சுது. 356-வது பிரிவு, ஆட்சிக் கலைப்பு. அந்தச் சட்டசபைக்கு ஆயுளே இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல. மார்ச்ல முடியப் போற ஆட்சியை ஜனவரி கடைசியில கலைக்கிறதுல என்ன அவசரம்னு மாமா இன்னைக்கும் கேட்பார். கலைச்சதும் தேர்தல் வந்துச்சான்னா, வரல. ஒன்றே கால் வருஷத்துக்கும் மேல ஆளுநர் ஆட்சி. 77 ஜூன்லதான் ஓட்டு.

மறுநாள்ல இருந்து கைது. மு.க.ஸ்டாலினுக்கு அப்ப 22 வயசு, கல்யாணம் ஆகி ஆறு மாசம்கூட ஆகல. சென்னை மத்தியச் சிறை. சென்னையோட முன்னாள் மேயர், எம்.பி. சிட்டிபாபுவும் அங்கதான். தன் மேல விழ வேண்டிய அடியைச் சிட்டிபாபு வாங்கினார்னு ஸ்டாலின் பல மேடைகள்ல சொல்லியிருக்கார். சிட்டிபாபு 1977 ஜனவரியில இறந்து போனார். அந்தச் சிறையில நடந்ததை விசாரிக்கப் பின்னாடி நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் கமிஷன் போட்டாங்க. கமிஷன் பேர்ல ஒரு அலமாரி நிறைய பேப்பர் சேரும், நம்ம ஊர் வழக்கம். ஆனா இந்தக் கமிஷன் சிறைக்குள்ள அடி விழுந்ததை உறுதிப்படுத்துச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு சின்ன விஷயம். யார் யாரைக் கைது பண்ணாங்கன்னு பத்திரிகையில போட முடியாது, தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். முரசொலியில ஒரு பட்டியல் வருது: அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர முடியாதவங்க பேர், மாவட்ட வாரியா. அவ்வளவுதான். படிச்சவங்களுக்குப் புரிஞ்சுது. நாம இன்னைக்கு அல்காரிதத்துக்குத் தெரியாம இருக்க எழுத்தை மாத்தி மாத்திப் போடறோமே, அதோட தாத்தா இது.

இதையெல்லாம் மாமா சொல்லி முடிச்சு, ஜெயிச்ச மாதிரி உட்கார்ந்தார். அப்பதான் பெரியப்பா கைய மேற்கால நீட்டி மலையைக் காட்டினார்.

"அங்க இருக்கறவனுக்கு 47-ல சுதந்திரம் வரல. 76-லதான் வந்துச்சு. உன் எமர்ஜென்சியில."

இந்த இடத்துல நான் கொஞ்சம் நிறுத்தி விளக்கணும், ஏன்னா சென்னையில நான் இதைச் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. கல்வராயன் மலையில இருக்கறவங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்ல. மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம், பேசறது தமிழ். காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு அவங்களே கதை சொல்வாங்க. ஆனா பேர்லதான் ஆளுகை. நிஜத்துல அந்த மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூணு ஜாகீர் குடும்பங்கள் கையில இருந்துச்சு. விஜயநகர அரசர் காலத்துல கொடுத்த உரிமைன்னு வழிவழியா சொல்லிக்கிட்டாங்க. நிலத்துக்கு வரி அவங்களுக்கு. அவங்க நிலத்துல கூலி இல்லாம வேலை செய்யணும். வெள்ளைக்காரன் காலத்துலயும் அப்படியே, குடியரசு ஆன பிறகும் அப்படியே. அரசாங்கம் அந்த மலையை எடுத்துக்கிட்டது 1976-ல.

இது பெரியப்பா கட்டின கதை இல்ல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில விஷச் சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க, ஞாபகம் இருக்கும். அதுக்கு அடுத்த மாசம் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களோட நிலைமையைத் தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு. அங்க வைக்கப்பட்ட வாதத்துலதான் இதெல்லாம் பொதுவெளிக்கு வந்துச்சு: 1976 வரைக்கும் ஜாகீர் ஆட்சி, ஓட்டுரிமை ஒழுங்கா கிடைச்சதே 90-கள்லன்னு. நான் பொறந்த வருஷத்துக்குப் பக்கத்துல. இங்க இருந்து பஸ்ல போற தூரம்.

"நான் வேலைக்குப் போனப்ப"ன்னு பெரியப்பா சொன்னார், "பசங்க பேர் எழுத அப்பா அம்மாவைக் கூப்பிட்டா, ஜாகீர்தாரைக் கேட்டுட்டு வரேன்னுதான் சொல்வாங்க. அரசாங்கம் எடுத்து ரெண்டு வருஷம் ஆகியும். அந்தப் பழக்கம் போக எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? உங்க கட்சி ஆட்சியில ஏன் எடுக்கல? அதுக்கு முன்னாடி காங்கிரஸ் ஆட்சியில ஏன் எடுக்கல? சர்வாதிகாரம்னு சொல்றியே, அந்தச் சர்வாதிகாரத்துலதானே எடுத்தாங்க?"

மாமாகிட்ட பதில் இல்ல. எனக்கும் உடனே வரல. ராத்திரி முழுக்க மொபைல்ல சட்டங்களைத் தேடிக்கிட்டு இருந்தேன். காலையில டீ குடிக்கிறப்ப நான் சொன்னது இதுதான்.

ஜமீன்களை ஒழிக்கிற சட்டம் சென்னை மாகாணத்துல 1948-லயே வந்துடுச்சு. இனாம் எஸ்டேட்களை ஒழிக்கிற சட்டம் 1963-ல. கட்டாய வேலை வாங்கக் கூடாதுன்னு அரசியல் சாசனத்தோட 23-வது பிரிவு 1950-ல இருந்தே சொல்லுது. இது மூணும் எமர்ஜென்சிச் சட்டம் இல்ல. விவாதம் பண்ணி, ஓட்டெடுத்துப் போட்ட சட்டங்கள். எமர்ஜென்சி கொண்டு வந்ததுல ஒண்ணை ஒத்துக்கணும்: 1975 ஜூலை 1-ல இந்திரா அறிவிச்ச 20 அம்சத் திட்டத்துல கொத்தடிமை ஒழிப்பு இருந்துச்சு, அக்டோபர்லயே அவசரச் சட்டம் வந்து, 76-ல முழுச் சட்டமாச்சு. அது இன்னைக்கும் இருக்கு, நல்ல சட்டம். எமர்ஜென்சி போன பிறகு ஜனதா அரசு அதைத் தூக்கல. ஆனா அந்தச் சட்டம் போட ஜெயப்பிரகாஷ் நாராயணனை ஜெயில்ல வைக்கணுமா? பத்திரிகைக்குக் கரண்ட் கட் பண்ணணுமா? நாடாளுமன்றத்துல கொண்டு வந்தா யார் எதிர்த்து ஓட்டுப் போட்டிருப்பாங்க?

ஒரு காலத்துல நடந்ததும், அந்தக் காலத்தாலதான் நடந்ததும் வேற வேற பெரியப்பான்னு சொன்னேன். எனக்கே பெருமையா இருந்துச்சு.

அவர் டீயை ஆத்திக்கிட்டே சொன்னார்: "48-ல சட்டம். 76-ல நடந்துச்சு. நடுவுல 28 வருஷம். அந்த 28 வருஷமும் ஜனநாயகம்தானே?"

நான் இங்க ஒரு விஷயத்தை ஒத்துக்கறேன். இந்தக் கேள்வியை நான் இன்னும் முழுசா தாண்டி வரல. எமர்ஜென்சி எவ்வளவு மோசம்னு சொல்ல நமக்கு நிறைய இருக்கு. ஒரே வருஷத்துல 80 லட்சம் பேருக்கு மேல கருத்தடை, அதுல பலருக்குக் கட்டாயம். கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன், 1976 மார்ச்ல போலீஸ் கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்ல. அவங்க அப்பா ஈச்சர வாரியர் சாகற வரைக்கும் தேடினார். எல்லாம் சரி. ஆனா மலையில கூலியில்லாம வேலை செஞ்ச ஒருத்தர்கிட்ட போய், "உங்க உரிமையெல்லாம் 1975-ல பறிச்சுட்டாங்க"ன்னு சொன்னா, "எப்ப கொடுத்தீங்க?"ன்னுதான் கேட்பார். பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், நீதிமன்றம் போற உரிமை, இதெல்லாம் ரோடு இருக்கிற இடம் வரைக்கும்தான் போயிருந்துச்சு. வெள்ளிமலைக்குப் போகல.

ஆனா அப்புறம் என்ன ஆச்சுன்னு பாருங்க. மேல இருந்து கொடுத்தாங்க, கீழ யாரும் கேட்க முடியாத காலத்துல கொடுத்தாங்க. யாருக்கு எவ்வளவு நிலம், பட்டா யார் பேர்ல, ரோடு எங்க, ஆஸ்பத்திரி எங்கன்னு கேட்க ஒரு எம்.எல்.ஏ. கிடையாது, சட்டசபையே கிடையாது, எழுத ஒரு பத்திரிகை கிடையாது. ஜாகீர்தார் போனார், அந்த இடத்துல வந்தது வனத்துறையும் தாலுகா ஆபீசும். 48 வருஷம் கழிச்சு 2024-ல உயர் நீதிமன்றம் கேட்டதும் அதேதான்: ரோடு எங்க, பஸ் எங்க, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எங்க?

இன்னொண்ணு, இதைத்தான் நம்ம ஆட்கள் கவனிக்கறதே இல்ல. 42-வது அரசியல் சாசனத் திருத்தம், 1976. எமர்ஜென்சியில, எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயில்ல இருக்கறப்ப நிறைவேறினது. அதுல கல்வியை மாநிலப் பட்டியல்ல இருந்து பொதுப் பட்டியலுக்கு மாத்தினாங்க. நீட் பத்திப் பேசற ஒவ்வொரு தடவையும் நாம சண்டை போடறது இந்த இடத்துலதான் வந்து முட்டுது. கல்வி கூடவே அதே திருத்தத்துல மாறின இன்னொண்ணு, காடு. வனமும் பொதுப் பட்டியலுக்குப் போச்சு. அதுக்கப்புறம் 1980-ல வனப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. காப்புக் காட்டு நிலத்தை வேற எதுக்கும் பயன்படுத்த டெல்லி அனுமதி வேணும். அந்தச் சட்டம் எத்தனையோ காட்டைக் காப்பாத்தியிருக்கு, அதை நான் குறை சொல்லல. ஆனா ஒரு மலைக் கிராமத்துக்கு ரோடு போடணும்னா அந்தக் கோப்பு எந்த வழியா போகணும்னு யோசிச்சுப் பாருங்க. 2006 வன உரிமைச் சட்டம் வந்துதான், பள்ளிக்கூடம், ரோடு மாதிரி வேலைக்கு ஒரு ஹெக்டேருக்குள்ளன்னா கிராம சபை பரிந்துரையோட கொடுக்கலாம்னு ஒரு வழி திறந்துச்சு. ஆக, 76-ல ஒரு கையால மலையை ஜாகீர்தார்கிட்ட இருந்து வாங்கினாங்க, அதே வருஷம் இன்னொரு கையால காட்டு அதிகாரத்தை இன்னும் தூரமா கொண்டு போய் வெச்சாங்க. ரெண்டுலயும் மலைக்காரங்களை ஒரு வார்த்தை கேட்கல.

ஜனதா ஆட்சியில 44-வது திருத்தம் வந்து நிறைய சரி பண்ணுச்சு. 'உள்நாட்டுக் குழப்பம்'னு சொல்லி எமர்ஜென்சி போட முடியாது, 'ஆயுதக் கிளர்ச்சி' இருக்கணும். மந்திரி சபை எழுத்துல கொடுக்கணும். உயிர் வாழற உரிமையை எந்தக் காலத்துலயும் நிறுத்தி வைக்க முடியாது. இது கடைசி ஒண்ணு ஏன் வந்துச்சுன்னா, 1976 ஏப்ரல் 28-ல உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்குல 4-க்கு 1-ன்னு சொன்ன தீர்ப்பு. எமர்ஜென்சியில கைதானவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில ஒருத்தரைச் சுட்டுட்டா என்னன்னு நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். எமர்ஜென்சி இருக்கிற வரை பரிகாரம் இல்லைன்னு அரசு வழக்கறிஞர் ஒத்துக்கிட்டார். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினது கன்னா ஒருத்தர்தான். தலைமை நீதிபதி பதவி அவருக்குப் போக வேண்டியது, போகல. அந்தத் தீர்ப்பு தப்புன்னு உச்ச நீதிமன்றம் வெளிப்படையா சொல்ல 2017 ஆச்சு. ஆனா கல்வியும் காடும் மாநிலத்துக்குத் திரும்பி வரல.

மாமா இதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டே இருந்தார். அவரையும் சும்மா விடல. மிசா 78-ல போச்சு மாமா, 82-ல தமிழ்நாட்டுல குண்டர் சட்டம் வந்துச்சே? விசாரணை இல்லாம 12 மாசம் உள்ள வைக்கலாம். எம்.ஜி.ஆர். ஆட்சியில வந்த சட்டம். அதுக்கப்புறம் வந்த எல்லா ஆட்சியும், மிசாவுல உள்ள போனவங்க ஆட்சியும் சேர்த்துத்தான், அதைக் கையில எடுத்தாங்க. அந்தச் சட்டத்தோட பேர்ல முதல்ல வர்ற ஆள் யார் தெரியுமா? கள்ளச்சாராயக்காரர். நம்ம மலைச் சாராய வழக்குல எத்தனை தடவை அந்தச் சட்டம் போட்டாங்க? அப்படிப் போட்டும் 2024-ல அத்தனை பேர் செத்தாங்களே?

"சாராயம் காய்ச்சறவனும் அரசியல் கைதியும் ஒண்ணாடா?"ன்னு மாமாவுக்குக் கோபம் வந்துடுச்சு. ஒண்ணு இல்ல மாமா. குத்தம் செஞ்சவனைக் கோர்ட்ல நிறுத்தி 12 வருஷம்கூட உள்ள வைங்க, நான் கேட்கல. நிறுத்தாம 12 மாசம் வைக்கறதைத்தான் கேட்கறேன். இதுக்கு எமர்ஜென்சி அறிவிக்கணும்னுகூட இல்லையே.

அவர் எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தார். பெரியப்பா மெதுவா சிரிச்சுக்கிட்டே கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: "77-ல ஜனங்க என்ன பண்ணாங்க? வடக்குல இந்திரா அம்மாவையே தோற்கடிச்சான். இங்க 39-ல 34 அந்தக் கூட்டணிக்குப் போட்டோம்."

உண்மை. அதிமுக, காங்கிரஸ், கம்யூனிஸ்ட் கூட்டணி. வடக்குல துடைச்சு எறியப்பட்ட காங்கிரஸ் தெற்குல நின்னுச்சு. வடக்கு மாதிரி கட்டாயக் கருத்தடை இங்க நடக்காதது ஒரு காரணம், எம்.ஜி.ஆர். ஒரு காரணம், திமுக மேல இருந்த ஊழல் புகார்கள் ஒரு காரணம். சிறையில நடந்தது எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும், பத்திரிகையில வராதப்போ? மூணு வருஷத்துல, 1980 தேர்தல்ல, திமுகவே இந்திரா காங்கிரசோட கூட்டணி வெச்சுது. இதைச் சொன்னப்ப மாமா பேச்சை மாத்தி, மத்தியானத்துக்கு என்ன குழம்புன்னு கேட்டார்.

அந்த 77 தேர்தல்ல மலையில எத்தனை பேர் ஓட்டுப் போட்டாங்கன்னு நான் பெரியப்பாவைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. "நான் போனது 78-லடா"ன்னார். அப்புறம், "என் வகுப்புல படிச்ச பசங்க இருக்காங்க. கிழவனாகியிருப்பாங்க. நாளைக்கு வெள்ளிமலை பஸ் இருக்கு, கேட்போம்"னார்.

நாளைக்குக் காலையில போறோம். மாமாவும் வர்றார், ஜன்னல் சீட் அவருக்குத்தான் வேணுமாம். அவங்க என்ன சொன்னாங்கன்றது அடுத்த எபிசோட்ல. அதுக்குள்ள உங்க வீட்ல 65 தாண்டினவங்க யார் இருந்தாலும் ஒரு கேள்வி கேளுங்க: 1976-ல நீங்க எங்க இருந்தீங்க, என்ன வேலை, யாருக்குப் பயந்தீங்க? டிரெயின் பத்தி மட்டும் கேட்காதீங்க, அதுக்கான பதில் நமக்கு ஏற்கனவே தெரியும். வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.